வாலிபர் ஊழியர் மாநாடா? மேடைக்கு முன்னால் பஸ் ரூட்டைப் பாருங்கள்

புதிதாக வாசிப்பவர்களுக்காக, எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் கிறிஸ்தவ வாலிபர் மத்தியில் ஊழியம் செய்கிறவர்கள் சுமார் 120 பேருக்கு இரண்டு நாள் மாநாடு நடத்த வேண்டும். வாலிபர் சங்கச் செயலாளர்கள், ஓய்வுநாள் பாடசாலை (ஞாயிறு பள்ளி) ஆசிரியர்கள், ஊர்ச் சபைகளைக் கவனிக்கும் உபதேசியார்கள், சில கத்தோலிக்கப் பங்குகளின் இளைஞர் வழிகாட்டிகள் வருவார்கள். பாளையங்கோட்டையில் இடம் பார்த்தாயிற்று, இரண்டு பேச்சாளர்களிடம் தேதியும் கேட்டாயிற்று. போன முறை கூட்டம் நன்றாகவே நடந்தது. ஆனால் ஒரே மாதத்தில் எல்லாரும் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். இந்த முறை அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

பேச்சாளரை விடுங்கள். மாநாடு முடிந்து மூன்றாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எந்த ஊரில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால்தான் மாநாட்டைத் திட்டமிட முடியும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

கூட்டம் கலைவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆர்வக் குறைவு இல்லை. குழு பிரித்த விதம்தான். "எல்லாரும் எல்லாரோடும் பழகட்டும்" என்று சங்கரன்கோவில்காரரையும் திசையன்விளைக்காரரையும் ஒரே குழுவில் போடுவோம். இரண்டு நாளும் நன்றாகத்தான் பழகுவார்கள், கண்ணீரோடு ஜெபிப்பார்கள், நம்பர் வாங்கிக்கொள்வார்கள். அதன்பிறகு ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாறி, அரை நாள் செலவழிக்க வேண்டும். யாரும் போக மாட்டார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை.

ஆகவே குழுவைப் பஸ் ரூட்டைப் பார்த்துப் பிரியுங்கள். நம் பக்கத்து வழித்தடங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: பாபநாசம், அம்பை, சேரன்மகாதேவி வழி ஒன்று, தென்காசி, ஆலங்குளம் வழி ஒன்று, சங்கரன்கோவில், மானூர் வழி, வள்ளியூர், நாங்குநேரி வழி, திசையன்விளை, மூலைக்கரைப்பட்டி வழி, திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் வழி, தூத்துக்குடி, வல்லநாடு வழி. 120 பேர் என்றால் எட்டுப் பேர் வீதம் 15 குழு. ஒரு வழித்தடத்துக்கு இரண்டு குழு தாராளமாக வரும், ஆள் அதிகமுள்ள தடத்துக்கு மூன்று. பதிவுப் படிவத்தில் ஊர், சேகரம் (தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யில் பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பிரிவு) அல்லது பங்கு, செல்பேசி எண் இவற்றோடு இன்னும் மூன்று கேள்வி சேருங்கள்: உங்கள் ஊரிலிருந்து எந்த பஸ்ஸில் வருவீர்கள், ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, வாரத்தில் எந்த அரை நாள் உங்களுக்கு ஓய்வு. குழு பிரிக்க இது போதும்.

குழுக்கள் பிறகு கூடும் இடம் சாதாரணக் கட்டண டவுன் பஸ் போகிற ஊராக இருக்கட்டும். 2021 முதல் அந்த பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நம் சபைகளில் வாலிபர் வேலையைத் தாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மாதாமாதம் பஸ் காசுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை என்றால் அவர்கள் தொடர்ந்து வருவார்கள்.

நம் மண்ணில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே.ச. அசரியா, வாலிபர் கிறிஸ்தவச் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராக ஊர் ஊராக வாலிபர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தொடக்கக் கூட்டம் ஒரு நாள்தான். சங்கத்தை நிலைநிறுத்தியது கிராமச் சபைகள் விடாமல் கொடுத்த காணிக்கை, ஊர்களில் விடாமல் கூடி ஏறெடுத்த ஜெபம்.

இனி தேதி. மே மாதம் வேண்டாம். உங்கள் ஆட்கள் எல்லாரும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் இருப்பார்கள், அக்னி நட்சத்திரமும் அப்போதுதான். லெந்து (தவக்கால) நாட்களில் மாலைதோறும் ஆராதனை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை தாண்டியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அது போக டிசம்பர் முழுவதும் கீத பவனி. பொங்கல் விடுமுறையில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, ஊரில் விளையாட்டுப் போட்டி நடத்துவதும் இதே பிள்ளைகள்தான். என் பரிந்துரை காலாண்டுத் தேர்வு விடுமுறை. மழைக்கு முன்னால் வருகிறது, ஆசிரியர்கள் வர முடியும், பாளையங்கோட்டையில் பள்ளி விடுதிகளும் காலியாக இருக்கும், தங்க இடம் மலிவாகக் கிடைக்கும்.

ஞாயிறைத் தொடாதீர்கள். வாலிபர் ஊழியருக்கு ஞாயிறுதான் வேலை நாள்: காலை ஆராதனை, ஓய்வுநாள் பாடசாலை, மாலையில் சங்கக் கூட்டம். வெள்ளி காலை தொடங்கிச் சனி மாலை நான்கு மணிக்கு முடியுங்கள். முடிந்தவுடன் பஸ் ஏறினால்தான் உவரிப் பக்கத்துப் பெண் பிள்ளை அதிகம் இருட்டும் முன் வீடு சேர முடியும். "கடைசி ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டது" என்று ஏழு மணி ஆக்கினால், அடுத்த முறை அந்த வீட்டில் அனுப்ப மாட்டார்கள். தேதியை உறுதி செய்யும் முன் மின்வாரிய அலுவலகத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று விசாரியுங்கள். அந்த நாள் தட்டினால் ஜெனரேட்டரோடு டீசலுக்கும் செலவு எழுத வேண்டும்.

அழைப்புக் கடிதம் முதலில் சேகரத்து ஐயருக்கும் (போதகர்) பங்குத்தந்தைக்கும் போக வேண்டும், இரண்டு மாதம் முன்னதாக, நேரில். இதை விட்டுவிட்டு வாலிபர்களுக்கு வாட்ஸ்அப்பில் சுவரொட்டி அனுப்பினால், "நம்ம பையன்களைக் கேட்காம இழுத்துட்டுப் போறாங்க" என்ற வருத்தம் வந்துவிடும். பிறகு மாதக் கூடுகைக்கு ஆலய மண்டபம் கேட்கப் போனால் சாவி கிடைக்காது. கடிதத்தில் எதிர்பார்ப்பைத் தெளிவாக எழுதுங்கள்: சபைக்கு இரண்டு பேர், முடிந்தவரை ஓர் ஆண், ஒரு பெண், இருவரும் குறைந்தது ஓர் ஆண்டாக வாலிபர் வேலையில் இருப்பவர்கள், பதிவுக் கட்டணத்தில் பாதியைச் சபை ஏற்க வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் ஊருக்குப் போய்த் தனியாளாகிவிடுவார். இரண்டு பேர் வந்தால் பேசிக்கொள்ளவாவது துணை இருக்கும்.

கட்டணம் வாங்குங்கள், 300 ரூபாயாவது. இலவசம் என்றால் நாலில் ஒருவர் வராமல் போவார் என்று வைத்தே கணக்குப் போட வேண்டும், சமைத்தது மிஞ்சும். கட்ட முடியாதவர்களுக்கு அந்த வழித்தடத்தைக் கவனிக்கும் பொறுப்பாளர் வழியாக, வெளியே தெரியாமல், ஏற்பாடு செய்யுங்கள். அரிசி, தேங்காய், வாழைத்தார் இவற்றைச் சபைகளிடம் பொருளாகவே கேளுங்கள். பண்டிகைக்குக் கொடுத்துப் பழகிய கை, தயங்காமல் கொடுக்கும். சி.எஸ்.ஐ. திருமண்டல நிர்வாகத் தேர்தல் நெருங்கும் காலமானால் வேட்பாளர் யாரிடமும் நன்கொடை வாங்காதீர்கள், மேடையிலும் ஏற்றாதீர்கள். ஒரு நன்கொடைப் பலகை போதும், மாநாடு ஓர் அணியின் கூட்டமாகப் பெயர் வாங்கிவிடும்.

குழுத் தலைவர் 15 பேரையும் மூன்று வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை முழுவதும் வரச் சொல்லுங்கள். மாநாட்டின் வெற்றி தோல்வி இந்த நாளில் இருக்கிறது என்றே சொல்வேன். அவர்களுக்குப் பிரசங்கம் சொல்லித்தர வேண்டாம். கற்றுத்தர வேண்டியது இரண்டு: பேசாதவரைப் பேச வைப்பது, நிறையப் பேசுகிறவரை மனம் நோகாமல் நிறுத்துவது. தலைவர் தானே பதில் சொல்லிவிடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது என்று பழக்குங்கள். அன்றைக்கே நான்கு பேர் நான்கு பேராக உட்கார்ந்து செய்து பார்க்கட்டும்.

நிகழ்ச்சி நிரலில் முதல் எதிரி தொடக்க விழா. வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை ஐந்து, நினைவுப் பரிசு என்று போனால் ஒரு மணி நேரம் போய்விடும். பொன்னாடை, வாழ்த்து எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் என்று எழுதி, வருகிற பெரியவர்களுக்கு முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். ஒரு நாளைக்கு மேடைச் செய்தி இரண்டு போதும், ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஒவ்வொன்றின் பின்னும் 50 நிமிடம் குழு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்தி வைக்கவே வைக்காதீர்கள். அந்த நேரத்துக்குச் செயல்முறைப் பயிற்சி வையுங்கள்: கிராமத்துச் சங்கக் கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் நடத்துவது எப்படி, பத்தாம் வகுப்பு தவறிய பையனை எங்கே சேர்க்கலாம், கைச்செலவில்லாமல் விளையாட்டு நாள் நடத்துவது எப்படி என்று.

குழு உட்காருவதற்கு நாற்காலி வேண்டாம், கோரைப் பாய் வாங்குங்கள். பிளாஸ்டிக் நாற்காலியை 120 பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் பத்து நிமிடமும் சத்தமும் வீண். ஒரு பாயில் நால்வர், இரண்டு பாய் எதிரெதிராகப் போட்டால் எட்டுப் பேர் முகம் பார்த்து உட்காரலாம். ஒருவர் தாழ்ந்த குரலில் பேசினாலும் எதிரில் இருப்பவருக்குக் கேட்கும். பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த குரலில்தான் உண்மையான பேச்சு வரும்: சங்கத்துக்கு நான்கு பேர்தான் வருகிறார்கள், பையன்கள் கஞ்சாவுக்குப் போய்விட்டார்கள், என் வீட்டிலேயே எனக்கு ஆதரவு இல்லை. முழங்கால் முடியாத இரண்டொருவருக்கு மட்டும் நாற்காலி. குழுக்களுக்கு இடையே பத்தடி இடைவெளி வேண்டும். ஒரே மண்டபத்தில் 15 குழு முடியாது. வராந்தா, வேப்பமர நிழல், வகுப்பறை என்று முன்பே இடம் குறித்து எண் ஒட்டிவிடுங்கள்.

பேச வேண்டிய பொருளில் ஒன்றை இந்தப் பக்கத்தில் தவிர்க்கவே கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது; 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற கலர் கயிறு, பைக்கில் ஒட்டுகிற பெயர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிற பாட்டு, இவை நம் சங்கத்துப் பிள்ளைகளிடமும் இருக்கின்றன. மேடையில் "சாதி பாவம்" என்று சொன்னால் எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டுப் போவார்கள். குழுவில் இப்படிக் கேளுங்கள்: உங்கள் சங்கத்துப் பையன் கயிறு கட்டி வந்தால் முதல் வாரம் நீங்கள் என்ன செய்வீர்கள், அவன் அப்பாவிடம் யார் பேசுவது? அப்போது பேச்சு தரைக்கு வரும்.

ரூட்டைப் பார்த்துக் குழு பிரிப்பதில் ஒரு ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. ஒரு வழித்தடத்து எட்டுப் பேரும் ஒரே தெருவின், ஒரே சாதியின் ஆட்களாக அமைந்துவிடலாம். பட்டியல் போட்டபின் அந்தந்தப் பகுதியை அறிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். அப்படி இருந்தால் அடுத்த குழுவோடு இரண்டு பேரை மாற்றுங்கள். மாதக் கூடுகை எல்லாச் சபையிலும் சுற்றி வர வேண்டும், காலனி ஆலயத்திலும் நடக்க வேண்டும், அங்கே சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். இதை முதல் நாளே விதியாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கூடுகை தானாகவே பெரிய ஆலயத்துக்குப் போய் நின்றுவிடும்.

இன்னொன்று பிள்ளைகள் பாதுகாப்பு. இதற்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்குங்கள், சட்டம் தெரிந்த ஒருவரை அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரும் குழந்தைகள். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கும் என்று அஞ்சினாலோ, யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. நடந்தது தெரிந்தும் மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. "சபைக்குள் பேசி முடித்துக்கொள்வோம்" என்பதற்கு இதில் இடமில்லை என்பதை நம் ஊழியர்கள் தெளிவாக அறிய வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாரும் அங்கேயே செல்பேசியில் பதியட்டும். தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருப்பதில்லை, இரவில் தனிச் செய்தி அனுப்புவதில்லை, பெற்றோர் கையெழுத்தில்லாமல் வெளியூர் அழைத்துப் போவதில்லை, படத்தைப் பெற்றோர் அனுமதியின்றி வெளியிடுவதில்லை. நான்கையும் ஒரே தாளில் அச்சிட்டு, ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கொடுத்தனுப்புங்கள்.

பல சபையார் கூடுவதால் சில சின்ன விஷயங்கள் பெரிதாகும். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே ஆட்கள் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பைக் கொண்டுவருவார்கள், கத்தோலிக்கர் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பை. ஒருவர் "பரிசுத்த ஆவி" என்று வாசிக்க, மற்றவர் புத்தகத்தில் "தூய ஆவி" என்றிருக்கும். குழுப் பகுதிகளை இரண்டு மொழிபெயர்ப்பிலும் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுத்தால் அந்த வேறுபாடே நல்ல பேச்சாகிவிடும். திருவிருந்து வைக்காதீர்கள். யார் நடத்துவது, யார் பங்குபெறலாம் என்பதில் சபைகளுக்குள் உண்மையான வேறுபாடு உண்டு. இரண்டு நாளில் நீங்கள் அதைத் தீர்க்கப் போவதில்லை. முடிவில் சேர்ந்து ஜெபித்து, சேர்ந்து சாப்பிடுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு: 120 பேரோடு உதவியாளர் 20 பேரைச் சேர்த்து 140 இலை. மதியச் சோற்றுக்குத் தலைக்கு 140 கிராம் அரிசி வீதம் 20 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு நாலரை கிலோ. கோழிக் குழம்பானால் 25 கிலோ. காலை இட்லி தலைக்கு நான்கு, 560 இட்லிக்கு இட்லி அரிசி பன்னிரண்டரை கிலோ, உளுந்து மூன்று கிலோ. ஒரு வேளைத் தேநீருக்குப் பால் எட்டு லிட்டர், தேயிலைத் தூள் 300 கிராம், சர்க்கரை ஒன்றரை கிலோ. குடிநீர் ஆளுக்கு மூன்றரை லிட்டர் என்று வைத்தால் 20 லிட்டர் கேன் நாளைக்கு 25. பந்தி எழுபது பேராக இரண்டு. குழு குழுவாகவே உட்காரவையுங்கள்.

பெரும்பாலோர் மறப்பது குளியலறை. காலை ஆறிலிருந்து ஏழரை வரை 90 நிமிடம், ஆளுக்குப் பத்து நிமிடம்; ஒரு குளியலறையில் ஒன்பது பேர்தான் முடிக்க முடியும். 60 பெண்களுக்கு ஏழு குளியலறை வேண்டும். நான்குதான் இருக்கிறது என்றால் காலை ஜெபத்துக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள். பாளையங்கோட்டைக்குள் வீடு உள்ளவர்களிடம் பத்துப் பதினைந்து பேரைத் தங்க வையுங்கள். மாடித் தொட்டியின் கொள்ளளவையும் பாருங்கள். ஆளுக்கு 50 லிட்டர் வைத்தாலும் காலையில் மட்டும் 6,000 லிட்டர் போகும். இரவே நிரப்பச் சொல்லி, லாரித் தண்ணீருக்கு ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

சனி மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி அமர்வு, மிக முக்கியமானது. பேச்சாளர் வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சார்ட், இரண்டு மார்க்கர், ஒரு நாற்பது பக்க நோட்டு. சார்ட்டில் எட்டுப் பெயர், ஊர், பஸ், ஓய்வு நேரம் எழுதி, அடுத்த மூன்று மாதக் கூடுகைக்குத் தேதி, நேரம், இடம், சமையல் யார் வீடு என்று அங்கேயே நிரப்ப வேண்டும். தேதி இல்லாத சார்ட்டை வாங்காதீர்கள். இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டரை பலருக்கும் ஒத்துவரும். வங்கி, அரசு அலுவலக ஆட்களுக்கும் அன்று விடுமுறை. நோட்டில் ஒவ்வொருவரும் தன் ஊரில் தான் கவனிக்கிற மூன்று பிள்ளைகளின் முதல் பெயரை எழுதட்டும். அந்த நோட்டு கூடுகைக்குக் கூடுகை கை மாறிப் போகும். அதை வைத்து ஜெபம், அதை வைத்தே விசாரிப்பு. "போன மாசம் உன் லிஸ்ட்ல இருந்த அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்காகவே பலர் பஸ் ஏறி வருவார்கள்.

வாட்ஸ்அப் பெரிய குழு அறிவிப்புக்கு மட்டும், நிர்வாகிகள்தான் பதிவிடலாம் என்று பூட்டிவிடுங்கள். திறந்து விட்டால் பத்தே நாளில் காலை வணக்க வசனப் படங்களில் கூடுகை அறிவிப்பு மூழ்கிவிடும். எட்டுப் பேர் குழு தனியே இருக்கட்டும்.

முதல் கூடுகை மூன்று வாரத்துக்குள் நடக்க வேண்டும். அதற்கு முந்தின வியாழன் வழித்தடப் பொறுப்பாளர் ஒவ்வொரு குழுவின் எட்டுப் பேரையும் செய்தி அனுப்பாமல், குரலில் கூப்பிட வேண்டும். முதல் கூடுகைக்கு ஐந்து பேர் வந்தால் நல்லது. மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள், தள்ளிப் போடாதீர்கள். வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய்ப் பார்த்து வரட்டும், காரணம் கேட்டு அல்ல, சும்மா பார்க்க. மாநாட்டு வரவு செலவை இரண்டு வாரத்துக்குள் எல்லாச் சேகரத்துக்கும் பங்குக்கும் அனுப்பி, மீதிப் பணத்தை மூன்றாம் மாதக் கூடுகைகளின் சாப்பாட்டுக்கென்று 15 குழுவுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.